பழைய வேடமும் புதிய நடிகரும்

மக்கள் மாய்வர், அவர்தம் கதைகள் எளிதில் மாய்வதில்லை. ஒருவர் நாவிலிருந்து மற்றொருவர் நாவிற்கும், ஏட்டிலிருந்து அரங்கிற்கும், அரங்கிலிருந்து திரைக்கும் அவை குடிபெயர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆயின், ஒரு வேடத்திற்கு உயிரூட்டிய நடிகர் முதுமையுற்றோ விலகியோ மறைந்தோ போயின பின், அவ்வேடத்தை யாது செய்வது? அவரோடு அதனையும் அடக்கம் செய்துவிடுவதா? பிறிதொருவர் தலையிற் சூட்டுவதா? திரைப்படத் தொழிலார் பெரும்பொருளைப் பணயமாக வைத்து ஆராயும் இவ்வினாவைக் கடலோரச் சிற்றூராகிய எம் வேம்பாரும் ஆராய நேர்ந்தது. இரண்டையும் ஒருங்கு வைத்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீரச் செயல்களைத் தொடர்ந்து காட்டும் படவரிசைகளுள் இவ்வினாவைப் பன்முறை எதிர்கொண்டது ஜேம்ஸ் பாண்டு படவரிசை. இயன் ஃபிளெமிங் என்னும் ஆங்கில ஆசிரியர் 1953-இல் நாவலிற் படைத்த அவ்வொற்றன், 1962-இல் 'டாக்டர் நோ' என்னும் படத்தின் வாயிலாகத் திரையேறினான். அன்று முதல் 2021 வரை வரிசையில் வெளிவந்த படங்கள் 25. வேடம் தாங்கினோர் அறுவர். முதல்வர் ஷான் கானரி. அவர் விலகியபின் 1969-இல் ஜார்ஜ் லேசன்பி என்பார் வந்தார். ஒரே படத்தோடு நின்றார். 1971-இல் மீண்டும் கானரியையே அழைத்தனர். ஆதலின், ஆளை மாற்றுதல் எளிதன்று என்பது அன்றே விளங்கிற்று. பின்னர் வந்த ராஜர் மூர் 1973 முதல் 1985 வரை ஏழு படங்களில் நிலைத்தார். அவர் கானரியின் கடுமையைப் பின்பற்றவில்லை. தமக்கு இயல்பாயிருந்த நகைச்சுவையையே முதலாகக் கொண்டார். 1983-இல் அவர் நடித்த 'ஆக்டோபஸி' உதயப்பூரிற் படமாக்கப்பட்டதும், நம் சென்னைப் பந்தாட்ட வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் அவருக்குத் துணைவராக நடித்ததும் நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்திகள்.

மூருக்குப் பின் திமொதி டால்டன் இரு படங்களிலும், பியர்ஸ் பிராஸ்னன் நான்கு படங்களிலும் நடித்தனர். அதன்பின் டேனியல் கிரேக் என்பாரைத் தெரிந்தெடுத்தபோது எழுந்த எதிர்ப்புப் பெரிது. முடியின் நிறம் பொருந்தாது, முகம் பொருந்தாது என்று பலர் பழித்தனர். படம் எடுத்தோர் வாதாடவில்லை. கதையையே தொடக்கத்திற்குக் கொண்டுசென்றனர். 2006-இல் வெளிவந்த 'கேசினோ ராயல்' படத்தில் பாண்டு கைதேர்ந்த ஒற்றன் அல்லன். அப்போதுதான் உரிமம் பெறுகின்ற புதியவன். அடிபடுகின்றான், ஏமாறுகின்றான், கற்றுக்கொள்கின்றான். வேடத்திற்குப் புதியவராகிய நடிகரும் வேலைக்குப் புதியவனாகிய ஒற்றனும் ஒருசேர வளர்வதைக் கண்ட மக்கள் தம் பழிப்பை மறந்தனர். கிரேக் ஐந்து படங்களில் நடித்து 2021-இல் விடைபெற்றார். அவ்விறுதிப் படத்தில் பாண்டு மாண்டே போகின்றான். ஆயினும் அவன் மீண்டும் வருவான் என்னும் அறிவிப்போடுதான் படம் முடிகின்றது. மாண்டவன் எங்ஙனம் மீள்வான் என்று ஒருவரும் வினவவில்லை. மாண்டது ஒரு நடிகரின் பாண்டு. வேடம் மாளவில்லை என்பதை யாவரும் உணர்ந்திருந்தனர் போலும்.

இத்தகைய மாற்றம் நம் தமிழ்த் திரைக்கும் புதிதன்று. 1941-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்னும் படத்தில் அலிபாபாவாக வந்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். 1956-இல் அதே கதை அதே பெயரில் வண்ணப்படமாக எழுந்தபோது அலிபாபாவாக வந்தவர் எம். ஜி. ஆர். முன்னவர் சிரிக்கவைத்தார், பின்னவர் வாளேந்தினார். குகையும் திருடரும் மந்திரச் சொல்லும் மாறவில்லை. தலைவன் மட்டும் வேறொருவன் ஆயினான். கலைவாணரைப் போலச் சிரிக்கவைக்க எம். ஜி. ஆர். முயன்றிருந்தால் அப்படம் என்னாயிருக்கும் என்பதை அன்பர்களே ஊகித்துக்கொள்க.

எனினும், இப்பொருளில் நாம் மிகுதியும் எண்ணத்தக்கது 'பில்லா'வின் வரலாறே. 1978-இல் இந்தியில் அமிதாப் பச்சன் நடித்த 'டான்' அதன் மூலம். 1979-இல் தெலுங்கில் என். டி. ராமராவ் நடிக்க 'யுகந்தர்' ஆயிற்று. 1980-இல் ஆர். கிருஷ்ணமூர்த்தி இயக்க, இரஜினிகாந்த் நடிக்க, தமிழில் 'பில்லா' ஆயிற்று. 27 ஆண்டுகள் கழித்து, 2007-இல் விஷ்ணுவர்தன் இயக்கத்தில் அஜித்குமார் அவ்வேடத்தை மேற்கொண்டார். இதற்கு ஓராண்டு முன்னர் இந்தியில் ஷாருக் கான் 'டான்' ஆகியிருந்தார். ஈராண்டுக்குப் பின் தெலுங்கில் பிரபாஸ் 'பில்லா' ஆனார். ஒரே முடியை இத்தனைபேர் தலைகள் தாங்கியிருக்கின்றன.

இதில் வியப்பு யாதெனின், அக்கதையின் உட்பொருளே ஆள்மாற்றம் என்பதாம். கொள்ளைக் கூட்டத் தலைவன் ஒருவன் காவல் அதிகாரியின் கண்முன் மாளுகின்றான். அவன் மறைவை வெளியிடாத அவ்வதிகாரி, உருவத்தால் அவனை ஒத்த எளியவன் ஒருவனைத் தேடிப்பிடித்து, அவன் நடையையும் பேச்சையும் கற்பித்து, கூட்டத்தாரிடம் தலைவனாகவே அனுப்புகின்றார். கூட்டத்தார் அவனை ஐயத்தோடு நோக்குகின்றனர். 'இவன் அவன்தானா?' என்று ஒவ்வோர் அசைவையும் அளக்கின்றனர். உண்மை அறிந்த அதிகாரியும் மாண்டுவிட, தான் யார் என்பதைத் தானே மெய்ப்பிக்கவேண்டிய இக்கட்டில் அவ்வெளியவன் நிற்கின்றான். 2007-இல் அரங்கில் அமர்ந்த மக்கள் அஜித்தை நோக்கியதும் இவ்வாறன்றோ? 'இவர் அவர்தாமா?' என்று அளந்தவர்கள் அவர்கள். தம்மைத் தாமே மெய்ப்பிக்க வேண்டியிருந்தவர் அவர். கதைக்குள் எளியவன் பட்ட பாட்டை, கதைக்கு வெளியே புதிய நடிகரும் பட்டார் என்க.

அவர் அதனை எங்ஙனம் வென்றார்? இரஜினிகாந்த் அவர்களின் வேகத்தை அவர் கடன் வாங்கவில்லை. மெல்ல நடந்தார், குறைவாகப் பேசினார், அசையாமல் நின்றார். அதே சமயம், மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன் 1980-இல் அமைத்த பாட்டையும் 'பில்லா' என்னும் பெயரையும் புதிய படத்தார் தூக்கி எறியவில்லை. யுவன் சங்கர் ராஜா அப்பாட்டையே புதுக்கி அமைத்தார். மூத்தவருக்குரிய மதிப்பை மூத்தவருக்குக் கொடுத்துவிட்டு, இளையவர் தம் வழியே சென்றனர். 2012-இல் வந்த இரண்டாம் 'பில்லா', அத்தலைவன் தோன்றிய வரலாற்றைக் கூற முற்பட்டு, இலங்கையிலிருந்து கடல் கடந்து நம் கரைக்கு வரும் ஏதிலியாக அவனைக் காட்டிற்று. ஆயினும் முன்னையதற்குக் கிடைத்த வரவேற்பு இதற்குக் கிட்டவில்லை. ஒரு வேடத்தைப் புதுக்குதல் என்பது ஒருமுறை வென்றுவிட்டு ஓய்வதன்று. ஒவ்வொரு முறையும் புதிதாக ஈட்டவேண்டியதாகும்.

திரை தோன்றுமுன்னரே நம் நாடக மேடை இதற்கு வழி கண்டிருந்தது. எம் மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் தோன்றிய சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டு நாடகக் குழு நடத்தினார். அக்காலப் பாலர் குழுக்களிற் சிறுவனுக்குக் குரல் உடைந்தால் 'மகரக்கட்டு' வந்துவிட்டது என்பர். அன்றோடு அவன் பாடிய வேடம் வேறொரு சிறுவனுக்குச் செல்லும். அதற்காக வள்ளி திருமணம் நின்றுவிட்டதா? இல்லை. இன்றும் மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் வேலனாக வருபவரும் வள்ளியாக வருபவரும் வேறுவேறு ஊரினர். ஒத்திகையின்றி மேடையிற் சந்தித்து விடியுமளவும் அதே கதையை ஆடுகின்றனர். 'இராஜபார்ட்' என்பது ஓர் ஆளின் பெயரன்று. ஒரு பதவியின் பெயர். அறிஞர் அண்ணாவின் நாடகத்திற் சிவாஜி மன்னன் வேடம் முதலில் எம். ஜி. ஆருக்கென்று பேசப்பட்டது என்றும், அவர் நடிக்க இயலாது போகவே கணேசன் என்னும் இளைஞர் அதனை ஏற்றார் என்றும் கூறுவர். அந்நடிப்பைக் கண்ட தந்தை பெரியார் அளித்த பட்டமே அவர்க்கு வாழ்நாட் பெயர் ஆயிற்று. மாற்றாளாக வந்தவர் வேடத்தின் பெயரையே தம் பெயராகக் கொண்ட புதுமை இது.

இக்காலத்தில் மூன்றாவது வழியொன்றும் பிறந்திருக்கிறது. வேடத்தைப் புதைக்கவும் வேண்டா, புதியவர்க்குக் கொடுக்கவும் வேண்டா. பழைய முகத்தையும் குரலையும் கணினியாற் செய்துகொள்ளலாம் என்பது அது. 1994-இல் மறைந்த பீட்டர் குஷிங் என்னும் ஆங்கில நடிகரின் முகம் 2016-இல் ஒரு விண்வெளிப் படத்திற் கணினியால் மீண்டும் தோன்றிற்று. 1981 முதல் இந்தியானா ஜோன்ஸாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு, 80 அகவையை ஒட்டிய பருவத்தில் நடித்து 2023-இல் வந்த படத்தின் தொடக்கத்தில், இளமை முகத்தோடு காட்டப்பெற்றார். நம் நாட்டிலும் 2024-இல் 'லால் சலாம்' படப்பாட்டு ஒன்றில், மறைந்த பாடகர்களாகிய பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகியோர் குரல்களை ஏ. ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் மீட்டார். அவர்தம் குடும்பத்தாரின் இசைவைப் பெற்றே செய்ததாக அறிவித்தார். அதே ஆண்டில், முந்திய திசம்பரில் மறைந்த விஜயகாந்த் அவர்களின் உருவமும் 'கோட்' என்னும் படத்தில் தோன்றிற்று. அரங்கில் மக்கள் ஆர்ப்பரித்தனர், கண்ணீரும் விட்டனர். அக்கண்ணீரை யாம் இகழோம். அதன் பொருளை எம் ஊரிலேயே அறிந்தோம்.

வேம்பார், தூத்துக்குடிக்கு வடக்கே கடலை ஒட்டிய ஊர். முத்துக்குளித்துறையின் பழைய ஏழூர்களுள் ஒன்று. முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. இன்று மீன்பிடியும் கருப்பட்டித் தொழிலும் எம்மவர்க்குச் சோறிடுகின்றன. எம் தெருவினர் கோயில் திருவிழாவை ஒட்டி எஸ்தாக்கியார் நாடகம் ஆடுவது வழக்கம். உரோமைப் படைத்தலைவர் ஒருவர் வேட்டையாடுங்கால் மானின் கொம்புகளிடையே சிலுவை கண்டு மனந்திரும்புகின்றார். செல்வமனைத்தும் இழந்து ஊர்விட்டு ஏகுகின்றார். கப்பற்றலைவன் ஒருவன் கூலிக்கு ஈடாக அவர் மனைவியைக் கவர்ந்துகொள்கின்றான். ஆற்றைக் கடக்குங்கால் இரு புதல்வரையும் விலங்குகள் கொண்டேகுகின்றன. நெடுங்காலம் கழித்து யாவரும் ஒன்றுசேர்கின்றனர். கப்பலையும் பிரிவையும் அறிந்த ஊரார்க்கு இக்கதை ஏட்டுக்கதையன்று.

எஸ்தாக்கியார் வேடத்தை 14 ஆண்டுகள் தாங்கியவர் எம் சிறிய தந்தையார். பகலில் வள்ளத்தில் மீன்பிடிப்பார். இரவில் படைத்தலைவராக நிற்பார். அவர் உச்சக்குரலெடுத்தால் ஒலிபெருக்கி வேண்டுவதில்லை. அவர் நோயுற்று மறைந்த ஆண்டு மேடை எழவில்லை. மறு ஆண்டு, நாடகம் பயிற்றும் அண்ணாவியார் வீட்டுத் திண்ணையில் தெருவினர் கூடினர். சிலர், 'அவனோடு போகட்டும். இனி வேண்டாம்' என்றனர். சிலர், 'புதிய ஆள் ஒருவனைப் பழக்குவோம்' என்றனர். கணினி வேலை கற்ற இளைஞர் ஒருவர், 'அண்ணன் பாடியதெல்லாம் கைப்பேசிகளிற் பதிவாகி இருக்கிறது. அதனை ஒலிக்கவிட்டு யாராவது வாயசைத்தால் போதும். பதிவாகாத பாட்டையும் அவர் குரலிலேயே எந்திரத்தைப் பாடவைக்கலாம்' என்றார். திண்ணை சற்று நேரம் அமைதியாயிற்று. அக்குரலை மறுபடியும் மேடையிற் கேட்கலாம் என்னும் ஆசை அங்கிருந்த ஒவ்வொருவர் முகத்திலும் தெரிந்தது. எம் முகத்திலும் தெரிந்திருக்கும்.

அண்ணாவியார் தீர்ப்புக் கூறவில்லை. 'கேட்க வேண்டிய இடத்தில் கேட்டு வா' என்று எம்மை அனுப்பினார். நைந்துபோன நாடக ஏட்டைப் படியெடுத்தவர் யாம் ஆதலானும், பாட்டெல்லாம் எமக்கு மனப்பாடம் ஆதலானும், புதிய ஆள் வேண்டுமாயின் எம்மையே நிறுத்துவது என்று அவர் கருதியிருந்தார். எம் சித்தி முற்றத்தில் நெத்திலியைக் காயப் பரப்பிக்கொண்டிருந்தார். திண்ணையில் நடந்ததை ஒளிக்காமற் சொன்னோம். கையை நிறுத்தாமலே கேட்டார்.

"அவுக பாட்டு என் போன்ல கிடக்கு. கேக்கணும்னு தோணினா ராத்திரி கேட்டுக்கிடுவேன். அது எனக்கு. மேடையில மிசினு எதுக்கு யய்யா? நீ உன் தொண்டையில பாடு" என்றார். சிறிது பொறுத்து, "அவுக தலைப்பாக்கட்டு பெட்டியில இருக்கு, எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

எம் குரல் தாழ்ந்த குரல். சிறிய தந்தையார் பாடிய சுருதியில் எம்மாற் பாட இயலாது. அண்ணாவியார் ஆர்மோனியத்திற் கட்டையைக் குறைத்துக்கொண்டார். உச்சக்குரலில் நீட்டவேண்டிய இரண்டு இடங்களைப் பாட்டாக விடாமற் பேச்சாக மாற்றிக்கொடுத்தார். நாடக இரவில் எம்மை முதலிற் கண்ட கூட்டம் ஒலியின்றி இருந்தது. அவ்வமைதியில் ஒவ்வொருவரும் யாரைத் தேடினர் என்பதை யாம் அறிவோம். மனைவியைக் கப்பலோட்டி கவரும் காட்சியில், முன்வரிசைக் கிழவியர் வழக்கம்போல் அவனை ஏசத் தொடங்கினர். அவர்கள் ஏசத் தொடங்கியதும் எமக்கு நடுக்கம் நீங்கிற்று. கதை எம்மைக் கடந்து நடக்கத் தொடங்கிவிட்டது என்று உணர்ந்தோம். சித்தி பெண்டிர் பகுதியிற் கடைசியாக அமர்ந்திருந்தார். மங்களம் பாடும்வரை எழவில்லை.

மறுநாட் காலை, கடற்கரையில் வலை சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்மைக் கூப்பிட்டார். 'உன் சித்தப்பன் குரலுக்கு யாரும் வர முடியாது' என்றார். ஒப்புக்கொண்டோம். பிறகு எழுந்து நின்று, "ஆனா ஒண்ணு, ஆத்தைக் கடக்கிறப்ப அவன் நேரா நடப்பான். நானும் எத்தனையோ வருசம் சொல்லிப் பாத்தேன், கேக்க மாட்டான். ஓட்டத்துல போறவன் நேரா நடக்க மாட்டாம்லா? ஒருக்களிச்சு, காலைத் தடவித்தான் வைப்பான். வாற வருசம் நீ அப்படி நட" என்று நடந்தும் காட்டினார்.

அவர் சொற்களை யாம் பன்முறை எண்ணிப் பார்த்ததுண்டு. சிறிய தந்தையாரின் நடிப்பில் முடிவுறாத ஒன்று இருந்தது. அவ்வேடத்திற் கண்டறியவேண்டியது இன்னும் எஞ்சியிருந்தது. எந்திரம் அவர் குரலைப் பாடியிருந்தால், அவர் நடந்தவாறே அவ்வேடம் என்றும் நேராகவே நடந்துகொண்டிருக்கும். அம்முதியவர் தம் உள்ளத்தில் வைத்திருந்த ஆற்றோட்டத்தைச் சொல்ல ஆளிருந்திராது. ஒருவரைப் பதிவு செய்து வைத்தல் அவர்மேல் உள்ள அன்பு. அதனைச் சித்தி தம் கைப்பேசியில் வைத்திருக்கின்றார், அதன் இடம் அதுவே. வேடத்தைப் பிறர்க்குக் கொடுத்தல் அவர் நேசித்த கதையின்மேல் உள்ள அன்பு. இரண்டும் அன்புதான், ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைக்கும்போதுதான் குழப்பம் நேர்கின்றது.

ஆகவே, புகழ்பெற்ற படவரிசையைப் புதிய தலைவரைக் கொண்டு எழுப்புவோர்க்கும், அதனைக் காணச் செல்வோர்க்கும் யாம் கூற விழைவது சிறிது. எழுப்புவோர், புதியவரைப் பழையவரின் நிழலாக நிறுத்தாதிருப்பாராக. அவர் குரலுக்கேற்பச் சுருதியை மாற்றிக்கொடுப்பாராக. பழையதைக் கேலி செய்து புதியதை உயர்த்தவும் வேண்டா. தலைப்பாகை பழையதாகவே இருக்கலாம். காண்போர், முதற்காட்சியிலேயே தீர்ப்பு எழுதாது, கதை நடக்கத் தொடங்கும்வரை பொறுத்திருப்பாராக. கிரேக் விடைபெற்றபின், 2025-இல் பாண்டு படங்களின் ஆக்கப் பொறுப்பு அமேசான் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அடுத்த படத்திற்கு டெனி வில்நேவ் இயக்குநர் என்றும் அதே ஆண்டில் அறிவித்தனர். அவ்வேடத்தை ஏற்று வரும் ஏழாமவர் எவராயினும், 'இவர் அவர்தாமா?' என்னும் அதே வினா அரங்கின் வாயிலில் அவருக்காகக் காத்திருக்கும். 'அல்லர், யான் வேறொருவன்' என்று அஞ்சாது விடையிறுப்பவரே நிலைப்பர் என்பது எம் துணிபு.